பன்கானில் தீர்ந்துபோனது எது?

2022 அக்டோபர் 16 அன்று குழந்தைநல மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் கொல்கத்தாவில் காலமானபோது வெளிவந்த இரங்கற்குறிப்புகள் ஏறக்குறைய ஒரே கதையைச் சொல்லின. 1971ஆம் ஆண்டு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள், முகாம்களில் காலரா, சலைன் புட்டிகள் தீர்ந்துபோயின, வேறு வழியின்றி அம்மருத்துவர் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார், ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர். மறு ஆண்டு சனவரியில் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோதும் இதே கதை மீண்டும் சொல்லப்பட்டது. கதையில் பொய்யேதும் இல்லை. ஆயினும் இதை இவ்வாறே ஏற்றுக்கொள்பவர், நெருக்கடி வந்தால் யாரேனும் ஒருவர் எதையாவது செய்து காப்பாற்றிவிடுவார் என்ற ஆபத்தான ஆறுதலுக்கே வந்து சேர்வார். பேரிடர்க்கால மருத்துவத்தின் வரலாற்றைப் படிப்போர் இக்கதையைச் சற்று நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மேற்கு வங்காளத்தில், அன்றைய 24 பர்கனா மாவட்டத்தில், ஜெஸ்ஸோர் சாலையில் எல்லைக்கு மிக அருகே இருக்கும் சிற்றூர் பன்கான். அவ்வாண்டு இந்தியாவுக்குள் வந்த ஏறக்குறைய ஒரு கோடி அகதிகளில் சுமார் மூன்றரை இலட்சம் பேர் அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்து தங்கியிருந்தனர். அவர்களுக்கென இருந்த காலரா சிகிச்சையிடம் அவ்வூர் மருத்துவமனையின் சிறு பிரிவு, படுக்கைகள் 16. கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த மஹலனோபிஸ் ஜூன் 24 அன்று அங்கே பணியைத் தொடங்கினார். இரண்டு அறைகளின் தரை முழுவதும் நோயாளிகள் கிடந்ததையும், ஊசியேற்ற வேண்டுமானால் அவர்களது கழிவிலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்ததையும் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்த 48 மணி நேரத்துக்குள் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது தமக்குத் தெரிந்துவிட்டதாகவும் சொல்கிறார். அதற்கு அவர் தரும் காரணங்கள் இரண்டு: சலைன் போதவில்லை, குழுவில் சிரைவழி ஊசி செலுத்தப் பயிற்சி பெற்றவர்கள் இருவர் மட்டுமே.

இரங்கற்குறிப்புகள் முதற்காரணத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டன. எனக்கோ இரண்டாவதுதான் முதன்மையானதாகப் படுகிறது. லாரி லாரியாகச் சலைன் வந்து இறங்கியிருந்தாலும், அந்தத் தரையில் கிடந்த அத்தனை பேருக்கும் அதை ஏற்ற ஆளில்லை. பன்கானில் புட்டிகளுக்கு முன்பே கைகள் தீர்ந்துபோயின.

குழந்தைகள் என்று வரும்போது இது இன்னும் கடுமையாகிறது. சிறு குழந்தையின் உடல் எடையில் நீரின் பங்கு பெரியவர்களைவிடக் கூடுதல். அந்நீர் நாள்தோறும் வெளியேறிப் புதுப்பிக்கப்படும் வேகமும் கூடுதல். எனவே பேதியால் அது வறண்டுபோக அதிக நேரம் வேண்டியதில்லை. நீரிழந்த குழந்தையின் சிரைகள் சுருங்கிவிடும். கைதேர்ந்தவர்களுக்கே ஊசிக்கு இடம் கிடைக்காது. கிடைத்தாலும், எடைக்கேற்ற அளவையும் வேகத்தையும் யாராவது உடனிருந்து கண்காணிக்க வேண்டும். கூடிப்போனாலும் கேடு, குறைந்துபோனாலும் கேடு. முதலில் விழுவது குழந்தை. அதற்குச் சிகிச்சையளிக்கத் தேவைப்படுவதோ ஆகத் திறமையான கை. பேரிடர் ஒன்றில் ஆக அரிதாக இருப்பதும் அதே கைதான்.

மஹலனோபிஸ் இதற்கு விடையாக எடுத்துக்கொண்ட கரைசல் பன்கானில் பிறந்ததன்று. அதற்குப் பின்னால் நீண்ட தயாரிப்பு இருந்தது. அதன் பெரும்பகுதி கல்கத்தாவிலும் டாக்காவிலுமே நடந்தது. காலரா நோயாளியின் சிரைக்குள் உப்புநீரைச் செலுத்தும் முறையை 1832இல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா செய்து காட்டினார். அது நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியனார்ட் ரோஜர்ஸ் அதைச் சீர்செய்து மரணங்களைப் பாதியளவுக்குக் குறைத்தார். ஊசி, புட்டி, மருத்துவர் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு சடங்காகச் சலைன் இந்திய மனத்தில் பதிந்தது இதன் பிறகுதான்.

வாய்வழியாகக் கொடுத்தால் என்ன என்ற கேள்வியைக் கல்கத்தாவில் முறையாக எழுப்பியவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி. 1953இல் லான்செட் இதழில் வெளியான அவரது கட்டுரை, உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழியாகக் கொடுத்து 186 காலரா நோயாளிகளைப் பிழைக்கவைத்ததாகக் கூறியது. அவர் ஓர் இலைச்சாற்றையும் பயன்படுத்தினார். தாவரவியலார் கோலியஸ் அரோமேட்டிக்கஸ் என்று குறித்த அச்செடி நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவல்லிதான். மேலை மருத்துவ உலகம் அக்கட்டுரையைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாததும், உடலில் எத்தனை நீர் ஏறியது, எத்தனை வெளியேறியது என்ற கணக்கு இல்லாததும் சொல்லப்பட்ட காரணங்கள். அவை நியாயமான குறைகளே. ஆயினும் அக்குறைகளை நிவர்த்தி செய்யும் ஆய்வை வேறு யாரும் உடனே மேற்கொள்ளவில்லை என்பதற்கு அவை விடையாகா.

1960இல் ராபர்ட் கிரேன், குடற்சுவரில் குளுக்கோசும் சோடியமும் ஒன்றையொன்று துணைகொண்டே உட்புகுகின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தார். காலராவில் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாயில் மூடுவதில்லை. உப்பைத் தனியே கொடுத்தால் பயனில்லை. சர்க்கரையோடு கொடுத்தால் உப்பு உள்ளே போகும், அதன் பின்னே நீரும் போகும். இதன் அருமை உணரப்படுவதற்கு முன்பே மணிலாவில் ராபர்ட் ஃபிலிப்ஸ் நடத்திய சோதனையில் கரைசலின் அடர்த்தி மிகுந்து சில நோயாளிகள் இறந்தனர். அந்த அதிர்ச்சி ஆய்வைச் சில ஆண்டுகள் பின்தள்ளியது. 1968இல் டாக்காவில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும், முறையான அளவில் கொடுத்தால் சிரைவழித் திரவத்தின் தேவை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைவதைக் காட்டினர். ஏறத்தாழ அதே காலத்தில் கல்கத்தாவில் நதேனியல் பியர்ஸ் குழுவினரும் ஒத்த முடிவுக்கு வந்தனர். மஹலனோபிஸ் அங்கிருந்தவர்தான்.

ஆக, 1971 ஜூனில் அறிவு ஆயத்தமாக இருந்தது. இல்லாதிருந்தது வேறொன்று. அதுவரை நடந்த சோதனைகள் எல்லாம் ஆய்வு மருத்துவமனைகளில், துளையிட்ட கான்வாஸ் கட்டில்களில், கீழே வைத்த வாளியில் சேரும் கழிவை மணிதோறும் அளந்து அதற்கு ஈடான கரைசலைக் கொடுத்து நடந்தவை. பயிற்சியில்லாத ஒருவர் கையில், அளவுக் குவளையோ கணக்கேடோ இல்லாமல், இதை ஒப்படைக்கலாம் என்று எந்த ஆய்வேடும் சொல்லியிருக்கவில்லை. அவ்வாறு செய்யக்கூடாது என்பதே அன்றைய துறையின் பொதுக்கருத்து. மஹலனோபிஸ் கடந்தது அந்த எல்லையை.

வேலை எளிய முறையில் நடந்தது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. சந்தையில் கிடைத்த பொருள்களை வாங்கி, கல்கத்தா மையத்தின் நூலக அறையில் வரிசையாக அமர்ந்து ஒவ்வொருவர் ஒவ்வொன்றை எடைபோட்டு, பாலிதீன் பைகளில் இட்டு, சூடான இரும்பால் வாயை ஒட்டி, செய்முறைக் குறிப்பு ஒட்டிப் பன்கானுக்கு அனுப்பினர். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. (ஒரு நூலக அறை இதைவிட நன்றாகப் பயன்பட்ட தருணம் வரலாற்றில் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை.) அங்கே அது பீப்பாய்களில் கரைக்கப்பட்டது, நோயாளியின் உறவினர் குவளையில் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தனர். அதிர்ச்சி நிலைக்குப் போய்விட்டவர்களுக்கு மட்டும் முதலில் சிரைவழிச் சலைன். தேறியதும் அவர்களும் குவளைக்கு மாற்றப்பட்டனர். குழந்தை வாந்தியெடுத்தால் சற்றுப் பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும்; அதைச் செய்யத் தேவையானது பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். முகாமில் மருத்துவர்கள் இல்லை. தாய்மார், அக்காமார், பாட்டிமார் இருந்தனர்.

மொழியியல் படித்துவிட்டு வரலாற்றுக்குள் வந்த என்னை இங்கே பிடித்து நிறுத்துவது அவர்கள் அக்கரைசலுக்கு இட்ட பெயர். ‘வாய்வழிச் சலைன்’ என்று பொருள்படும்படி ‘ஓரல் சலைன்’ என்றே அதை அழைத்தனர். மக்களும் முகாம் ஊழியரும் தொடக்கத்தில் அதை நம்பவில்லை. ஊசியும் புட்டியும் இல்லாத ஒன்றை, இரண்டாந்தர மருந்தை, ஏழைகளுக்கு என்று ஒதுக்கிவிட்டதாகவே எண்ணினர். சலைன் என்ற சொல்லுக்கோ மதிப்பு இருந்தது. அந்த மதிப்பை ஊசியிலிருந்து பிரித்தெடுத்துக் குவளைக்கு மாற்றியது இப்பெயர். வங்காளி மொழி இதற்கு மேலும் இடம் கொடுத்தது. அம்மொழியில் ‘காவா’ என்ற வினை உண்பதற்கும் பருகுவதற்கும் பொது. நீரையும் ‘உண்பதாகவே’ சொல்வார்கள். எனவே பின்னாளில் வங்கதேசத்தில் ‘காபார் சலைன்’ என்ற தொடர் எவ்வித இடறலும் இன்றி நிலைத்தது. அங்கே இன்றும் பெட்டிக்கடையில் சலைன் கேட்டால் பொட்டலம்தான் கையில் வரும்.

தமிழில் நிலைமை வேறு. நாம் சலைனையும் குளுக்கோசையும் ‘ஏற்றுகிறோம்’. ‘இரண்டு பாட்டில் ஏற்றினார்கள்’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் சொல்லப்படாவிட்டாலும் அது மருத்துவமனைதான் என்பது கேட்பவருக்குத் தெரியும். ‘உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன்’ என்பதில் எழுவாய் தாய். அரசின் சுவரொட்டிகள் தந்த அந்தப் பெயர் துல்லியமானது, செய்முறையையே பெயராகக் கொண்டது. ஆனால் அதில் மருந்தின் மதிப்பு இல்லை, அடுக்களையின் வாசனை மட்டுமே இருக்கிறது. இந்தியில் ‘ஜீவன் ரக்ஷக் கோல்’, உயிர்காக்கும் கரைசல், என்று வைத்தவர்கள் எதிர்முனைக்குப் போனார்கள். எந்தப் பெயர் எவ்வளவு வேலை செய்தது என்பதை அளந்து பார்த்த ஒப்பீட்டு ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. யாரேனும் செய்தால் நல்ல ஆய்வேடாகும்.

பன்கானுக்குத் திரும்புவோம். இரண்டு மூன்று வாரங்களில், பயிற்சியற்றவர் கையிலும் அது பலன் தருகிறது என்பது தெளிவாயிற்று. கரைக்கும் முறையைத் துண்டறிக்கைகளாக அச்சிட்டு எல்லை நெடுக வழங்கினர். மறைவாக இயங்கிய வங்கதேச வானொலியிலும் அச்செய்முறை ஒலிபரப்பானதாக மஹலனோபிஸ் கூறியிருக்கிறார். போர்ச் செய்திகளுக்கு நடுவே, குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைக்கும் முறை.

ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அந்த மையத்தில் சிகிச்சை பெற்றோர் சுமார் 3,700 பேர்; இறந்தோர் 3.6 விழுக்காடு. அதற்கு முன் அவ்வட்டார முகாம்களில் காலரா கண்டவர்களில் 30 விழுக்காடு வரை இறந்துகொண்டிருந்தனர். இதை ஒரு சோதனையின் முடிவாகப் படிக்கக் கூடாது. ஒப்பீட்டுக் குழு இங்கும் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. சாட்டர்ஜியிடம் கண்ட அதே குறை இது. 1973இல் வெளியான கட்டுரையும் உடனடியாக யாரையும் அசைத்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பாக்டீரிய நோய்ப் பிரிவில் இருந்த திமான் பருவா நேரில் முகாமுக்கு வந்து பார்த்தவர். அவர் உள்ளிருந்து வாதாடியிராவிட்டால் பன்கானும் சாட்டர்ஜியின் கட்டுரையைப் போல அடுக்கில் தூங்கியிருக்கலாம். 1978இல் லான்செட் தன் தலையங்கத்தில் இந்தக் கண்டறிதலை அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. 1953இல் சாட்டர்ஜியின் கட்டுரையை வெளியிட்ட அதே இதழ். இடையில் 25 ஆண்டுகள்.

பன்கானின் நீட்சியை வங்கதேசத்தில் ‘பிராக்’ அமைப்பு செய்த பணியில் காணலாம். 1980 முதல் 1990 வரை அதன் பெண் ஊழியர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்குச் சென்று, பொட்டலமே இல்லாமல், மூன்று விரல் சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும் அரை சேர் நீரும் கொண்டு கரைசல் செய்யக் கற்பித்தனர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பின்னர் வேறொருவர் சென்று சோதிப்பார். ஊழியரின் ஊதியம் அதைப் பொறுத்தது. தாய்மார் நன்றாகவே நினைவில் வைத்திருந்தனர். ஆனால் குழந்தைக்குப் பேதி கண்டபோது அதைப் பயன்படுத்தியோர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. ஏன் என்று விசாரித்தபோது கிடைத்த விடை சொற்பொருளியல் வகுப்பில் வைக்கத்தக்கது. பயிற்சியில் சொல்லப்பட்ட ‘டாயரியா’ என்ற சொல்லைத் தாய்மார் காலரா போன்ற கடும் நீர்ப்பேதிக்கு மட்டுமே உரியதாகக் கொண்டிருந்தனர். பால்குடிக் குழந்தையின் பேதி ‘தூத் ஹாகா’, செரிமானக் கோளாறால் வருவது ‘அஜீர்ண’, சளியும் இரத்தமும் கலந்தது ‘ஆமாஷா’. இம்மூன்றும் அவர்கள் கணக்கில் டாயரியா அல்ல. எனவே அவற்றுக்குக் கரைசலும் இல்லை. செய்முறை போய்ச் சேர்ந்தது. எந்த நோய்க்கு என்பது சேரவில்லை. நம்மிடமும் பேதி, சீதபேதி, மாந்தம் எனப் பகுப்புகள் உண்டு. மாந்தம் என்று பெயர் சூட்டப்பட்ட குழந்தைக்கு முதலில் தேடப்படுவது வேறு மருந்து.

இதையெல்லாம் பழங்கதையாக வைத்துவிட முடியாது. 2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவனத்தைத் தாக்கியபின் அங்கே காலரா பரவியது. பன்கானைப் போலவே பழைய 24 பர்கனாவைச் சேர்ந்த நிலப்பகுதி அது. வெள்ளமும் புயலும் குடிநீரைக் கெடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வறள்வது குழந்தைகளே. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21ஆம் ஆண்டுச் சுற்றில், பேதி கண்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 61 விழுக்காட்டினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்திருக்கிறது. முந்தைய சுற்றைவிட இது 10 புள்ளிகள் கூடுதல் என்பது ஆறுதல். கண்டறிந்த நாட்டில் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் பத்தில் நால்வருக்கு இல்லை.

ஏன் இல்லை? 2024இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவச் சேவையாளரிடம் இதைச் சோதித்தது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு நடிகர்கள் அவர்களிடம் சென்றனர். ஓ.ஆர்.எஸ். எழுதித் தராமைக்குக் கையிருப்பு இல்லாமை காரணமானது 6 விழுக்காடு. வேறு மருந்து விற்றால் கிடைக்கும் இலாபம் காரணமானது 5 விழுக்காடு. 42 விழுக்காட்டுக்குக் காரணம், வந்தவர் ஓ.ஆர்.எஸ்.ஸை விரும்பமாட்டார் என்று சேவையாளர் தாமாகவே கருதிக்கொண்டது. வந்தவர் தமக்கு ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று காட்டிக்கொண்டபோது அது எழுதித் தரப்படும் வாய்ப்பு 27 புள்ளிகள் உயர்ந்தது. பன்கானில் நோயாளிகளின் ஐயத்தைப் போக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. இப்போது, நோயாளி ஐயப்படுவார் என்ற மருத்துவரின் ஐயத்தைப் போக்க வேண்டியிருக்கிறது.

பெயருக்கு மதிப்பு வந்த பிறகு அதற்கு நேர்ந்ததும் பதிவுக்குரியது. சர்க்கரை மிகுந்த பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைத் தம் வணிகப் பெயரில் தாங்கி, மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. இன்றைய முறையான கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், அப்பானங்களில் சர்க்கரை அதைப் போலப் பல மடங்கு. சர்க்கரை அளவு மீறினால் குடல் நீரை உறிஞ்சுவதற்கு மாறாக உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும், பேதி முற்றும். மணிலாவில் அடர்த்தி மிகுந்த கரைசல் கற்பித்த பாடம் அட்டைப்பெட்டியில் அடைபட்டுக் கடைக்கு வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபர் 14 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், உரிய கரைசல் அல்லாத எந்தப் பானமும் அவ்வெழுத்துகளைப் பெயரில் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை வரி அச்சிட்டால் போதும் என்று அனுமதித்திருந்ததும் அதே ஆணையம்தான். பேதி கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைமுன் நிற்கும் தாய், பெரிய எழுத்தைத்தான் படிப்பாள்.

பேரிடர் ஆயத்தம் பற்றிய நம் ஆவணங்கள் கையிருப்பு, படுக்கை எண்ணிக்கை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றைக் கணக்கிடுகின்றன. ஒரு வட்டாரத்தில் குழந்தையின் பேதிக்கு எத்தனை பெயர்கள் வழங்குகின்றன, அவற்றுள் எதைக் கேட்டால் தாய் கரைசலைக் கையிலெடுப்பாள் என்ற கணக்கு அவற்றில் இல்லை. தமிழகக் கடலோர மாவட்டங்களைப் பொறுத்தவரை அத்தகைய பட்டியல் ஒன்றைத் தொகுக்க முயன்றுவருகிறேன். கடலூர், நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடிப் பகுதிகளைச் சேர்ந்த நண்பர்கள், குறிப்பாக வீட்டில் குழந்தை வளர்த்த பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லக்கூடியவர்கள், உங்கள் ஊரில் பால்குடிக் குழந்தையின் பேதியை என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள், அதற்கு முதலில் என்ன கொடுக்கிறார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் சொன்னவரின் ஏறத்தாழ வயதையும் சேர்த்தால் போதும், ஆள்பெயர் வேண்டாம். உச்சரிப்பைக் கேட்டபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.